மேல்வரிசைப் பல்

வால்நட் ரிட்ஜ், ஒஹையோ
செப்டம்பர் 12

அன்புள்ள சவில்லா,

உனக்கும் ரோமனுக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக. இங்கே காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். அப்பா மூன்று நாளாகச் சோளத்தட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்தால் இடுப்பு பிடிக்கிறதாம், குனிந்தாலும் பிடிக்கிறதாம். அம்மா நலம். பள்ளியில் இந்த வருடம் இருபத்தொன்பது பிள்ளைகள். மாலையில் வீடு வந்தால் என் குரலே எனக்குப் பிடிப்பதில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன்.

வில் வேட்டை இங்கே தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் பக்கம் முன்னதாகவே திறந்துவிடுவார்களாமே. நம் இருவருக்கும் பொதுவாக இருந்த, கப்பி வைத்த வில்லை நீ கொண்டுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். பரண் கட்டியாகிவிட்டதா? எந்த மரம்? ரோமன் மேலே ஏறி உதவினாரா? (சிரிக்காதே.) உன் கல்யாணத்துக்கு முந்திய மாதம் மில்லர் வீட்டுக் கொட்டகையைத் தூக்கி நிறுத்திய நாளில், ஆண்கள் எல்லோரும் உத்தரங்களின் மேல் குருவிகள் மாதிரி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் தரையில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாரே. அண்ணன் டெல்பர்ட் இப்போதும் சொல்கிறான்: "மச்சான் பூமியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. இல்லேன்னா அது பறந்து போயிருக்கும்." அவன் இண்டியானாவில் தச்சு வேலைக்குப் போயிருக்கிறான். நவம்பர் கடைசி வரை அங்கேதான்.

ஏப்ரலில் நீ எழுதிய அந்த ஒரு வரியைப் பற்றி நான் கேட்கவில்லை. "ரோமன் சபை முன் மண்டியிட்டார், எல்லாம் மன்னிக்கப்பட்டது." அம்மாவும் கேட்கக் கூடாது என்றாள். நம் ஆமிஷ் சபையில், மண்டியிட்டவர் எழுந்த பிறகு அந்த விஷயம் நடக்காத விஷயம். அதை நாவில் எடுப்பவர்தான் பாவி. எனக்குத் தெரியும். ஆனால் நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்பதில் தவறில்லையே?

உன் தங்கை
ஆர்ஃபா


ஆல்டர் க்ரீக், விஸ்கான்சின்
செப்டம்பர் 27

அன்புள்ள ஆர்ஃபா,

தேவ கிருபையால் நாங்கள் இருவரும் வழக்கம்போல் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இரவில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. தக்காளியை எல்லாம் காயாகவே பறித்துவிட்டேன்.

பரண் கட்டிவிட்டேன். புல்வயலுக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஓக் இருக்கிறது. பதினெட்டு அடி உயரம். அடிமரத்தில் உள்ளே முறுக்கி ஏற்றிய பதினொரு இரும்புத் திருகுப் படிகள். நானே திருகினேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மேலே போய் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஆர்ஃபா, என்ன சொல்வது! இலைகளின் சத்தம் மட்டும். கீழே நடப்பவர் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மானும் பார்ப்பதில்லை, மனிதரும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு நான்கு நாள் ஏறுகிறேன். பக்கத்துப் பண்ணை வெர்னா கேலி செய்கிறாள்: "என்னடி, வீட்ல அடுப்பு இருக்குன்னு ஞாபகம் இருக்கா? கோழியே உன்ன விட சீக்கிரமா மரத்த விட்டு எறங்குது!"

உன் கடிதத்தை ரோமன் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினார். தபால் பெட்டி வரை நான் நடக்க வேண்டாம் என்று கடிதங்களை அவரே கொண்டுபோகிறார், அவரே எடுத்து வருகிறார். சேணப் பட்டறை வேலைக்கு நடுவிலும் அதை மறப்பதில்லை. கொட்டகை தூக்கிய நாளைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தார். இனி அதை எழுத வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன்.

சவில்லா


வால்நட் ரிட்ஜ்
அக்டோபர் 8

அன்புள்ள சவில்லாவுக்கும் ரோமனுக்கும்,

எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்காக இரவு ஜெபத்தில் கேட்கிறோம். மூன்று நாளாக மழை. கேலி செய்ததற்கு ரோமன் என்னை மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒரு பெண்மான் கிடைத்தது. இருபது கஜத்தில், ஒரே அம்பு. முப்பதடி ஓடிப் படுத்துக்கொண்டது. அப்பாவும் நானும் உரித்தோம். அம்மா ஜாடிகளில் கறியை அடைத்துக்கொண்டே, "வாத்தியாரம்மா கையில ரத்தம் பாரு. இதப் பாத்தா எவன்டி உன்ன வண்டியில ஏத்திக்கிட்டுப் போவான்?" என்றாள். அப்பா சொன்னார்: "ஏத்திக்கிட்டுப் போறவனுக்குக் கறி கெடைக்கும்ல?"

நீ வாரத்துக்கு நான்கு நாள் ஏறுகிறாய், ஒன்றுமே விழவில்லையா? நம் வீட்டில் உன்னைப் போல் குறி பார்ப்பவர் யார்? அங்கே என்னதான் நடமாடுகிறது, எழுது.

ஆர்ஃபா


ஆல்டர் க்ரீக்
அக்டோபர் 18

அன்புள்ள ஆர்ஃபா,

ஆண்டவரின் பாதுகாப்பில் சுகமாக இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். ஓக் இலைகள் இன்னும் பாதி மரத்தில்.

என்ன நடமாடுகிறது என்று கேட்டாய். இங்கே ஒரு பெரிய ஆண்மான் இருக்கிறது. மற்றப் பண்ணைகளின் பக்கம் போகும்போது தலை குனிந்து சாதுவாக மேயுமாம். எல்லோரும் அதன் அழகைச் சொல்கிறார்கள். ஓக் மரத்துக்குக் கீழே வரும்போதுதான் வேறு மாதிரி. எந்த நாள் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். சில நாள் மரத்தைச் சுற்றிவிட்டுப் போய்விடும். சில நாள் அடிமரத்தருகே அசையாமல் நின்று, மேல்வரிசை முன்பல் எல்லாம் தெரியக் காட்டும். அதைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நேற்று அது போகும் வரை மூன்று மணி நேரம் கால் மரத்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண்மானும் இருக்கிறது. இப்போதே சினை. அது தனியாகத்தான் திரிகிறது. அந்த ஆண்மானுக்கு இன்னும் தெரியாது.

அம்பு விடவில்லை. வேட்டைக்காரி பயந்தால் நீ சிரிப்பாய். ரோமனும் சிரிப்பார், அவர் வீட்டில் யாரும் வேட்டைக்குப் போனதில்லை, மானை உரித்துப் பார்த்ததும் இல்லை.

சவில்லா


வால்நட் ரிட்ஜ்
அக்டோபர் 23

அன்புள்ள டெல்பர்ட்,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது வாசி.

சவில்லாவின் கடிதத்தை அப்படியே நகல் எடுத்து இதில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், பெரிய மானப் பாத்து பயந்துட்டா" என்று சொல்லிவிட்டு ரொட்டி மாவைப் பிசையப் போய்விட்டாள். நீ மெதுவாக வாசி. நாம் மூவரும் பத்து வயதிலிருந்து மான் உரிக்கிறோம். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் உண்டா? கிடையாது. கீழ்வரிசை மட்டும்தான்; மேலே வெறும் ஈறு. சவில்லா அதை மறக்கக்கூடியவளா? ஆண்மானும் பெண்மானும் சேர்வது நவம்பரில். அக்டோபரில் எந்தப் பெண்மான் சினையாக இருக்கும்?

இரண்டையும் தெரிந்தே தப்பாக எழுதியிருக்கிறாள். நமக்குத் தெரியும், கடிதத்தைப் பிரித்து வாசிக்கிறவருக்குத் தெரியாது. ஏப்ரலில் மன்னித்து முடிந்ததை வாயால் சொல்லவும் அவளுக்கு வழியில்லை.

கல்யாணத்தன்று ரோமனின் குதிரை மிரண்டு வண்டியை இடித்தது, ஞாபகம் இருக்கிறதா? அவர் கத்தவில்லை. சிரித்தார். மேல்வரிசைப் பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. பிறகு குதிரையைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நாம் எல்லோரும் "எவ்வளவு பொறுமையான மனுஷன்" என்றோம்.

அவருக்கு உயரம் பயம். ஆகவேதான் அவள் மரத்தில் இருக்கிறாள். வேட்டைக்கு இல்லை.

ஆர்ஃபா


நாப்பனீ பக்கம், இண்டியானா
அக்டோபர் 28

அன்புள்ள ஆர்ஃபா,

சுகம். கட்டைவிரலைச் சுத்தியல் ருசி பார்த்ததால் எழுத்து கோணல்.

முதலில் கோபம் வந்தது. தங்கச்சி புத்தகத்தைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு மதியச் சாப்பாட்டில் எங்கள் மேஸ்திரியிடம், "மானுக்கு மேல்பல் உண்டா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! "ஏன்டா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? உங்க அப்பன் உனக்கு மானுன்னு சொல்லி நாயக் காட்டினானா?" என்றார். அதற்குப் பிறகு உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

ஆனால் போய் என்ன சொல்வது? ஒரு பல்லை வைத்துக்கொண்டு ஆயர் முன் நிற்க முடியுமா? மன்னித்ததைக் கிளறுகிறோம் என்பார்கள். இந்தக் கூரை நவம்பர் இருபதில் முடியும். இருபத்தொன்றாம் தேதி அங்கே இருப்பேன். வேட்டைக்கு வருகிறேன் என்று அவளுக்கு எழுது. வேறு எதுவும் எழுதாதே.

டெல்பர்ட்


வால்நட் ரிட்ஜ்
நவம்பர் 1

அன்புள்ள சவில்லாவுக்கும் ரோமனுக்கும்,

சமாதானம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமே எங்கள் வேண்டுதல்.

டெல்பர்ட் இருபத்தொன்றாம் தேதி உங்கள் பக்கம் வேட்டைக்கு வர ஆசைப்படுகிறான். இடம் இருக்கும் அல்லவா?

சவில்லா, நீ எழுதிய ஆண்மானைப் பற்றி யோசித்தேன். அப்படிப்பட்டது ஒன்றை நானும் பார்த்திருக்கிறேன். அது போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரியும் வரை இறங்காதே. காற்றை நம்பாதே. ஏறியதும் கீழ்ப் படிகள் நான்கைக் கழற்றி மேலே எடுத்து வைத்துக்கொள். அந்தச் சினைமானுக்காக தினமும் ஜெபிக்கிறேன்.

ஆர்ஃபா


ஆல்டர் க்ரீக்
நவம்பர் 7

அன்புள்ள ஆர்ஃபா,

சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை ரோமன் மூன்று முறை வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "சவில்லா, மான் படி ஏறுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது ரோமன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரும் உங்கள் சுகத்தை விசாரிக்கிறார். இனி மானைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சவில்லா


ஆல்டர் க்ரீக்
நவம்பர் 12

சகோதரி ஆர்ஃபாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே குளிர் அதிகம். வேலையும் அதிகம். சவில்லாவுக்குக் கொஞ்ச காலம் கடிதம் எழுத முடியாது. அவள் மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடிதங்கள் அவளைக் கலக்குகின்றன. டெல்பர்ட் வர வேண்டாம். இந்த வருடம் எங்கள் காட்டில் மான் இல்லை.

உங்கள் தாய் தகப்பனுக்கு என் வணக்கம்.

ரோமன்


ஆல்டர் க்ரீக்
நவம்பர் 18

அன்புள்ள ஆர்ஃபா,

சவில்லா உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன். இனி நீ உட்கார்ந்து வாசிக்கலாம்.

ரோட்டோர போன் கூண்டிலிருந்து நீ மேஸ்திரிக்குச் சொன்ன செய்தி பதினாறாம் தேதி மாலை கிடைத்தது. மறுநாள் விடியும் முன்னே வேன் பிடித்தேன். டிரைவர் நம் சபையைச் சேராத வெளியாள், நல்லவன், ஆனால் வாய் ஓயாது. "ஆமிஷ் ஆளுங்கள இருபது வருஷமா ஏத்துறேன். வேகமாப் போன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீதான் முதல் ஆளு!" என்றான். மதியம் இரண்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பட்டறையிலும் இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. புல்வயலைத் தாண்டி ஓக் மரத்துக்கு ஓடினேன்.

ரோமன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பதினொரு திருகுப் படிகளும் வரிசையாக அடுக்கியிருந்தன, கடையில் விற்பனைக்கு வைத்த மாதிரி. அண்ணாந்து பார்த்தேன். பரணில் சவில்லா. உதடு நீலம். மடியில் வில், நாணில் அம்பு.

"வா டெல்பர்ட்," என்றார் ரோமன். "உங்க அக்கா எறங்க மாட்டேங்குறா. காலையிலேருந்து சொல்லிப் பாத்துட்டேன்."

"படியக் கழட்டினது யாரு, மச்சான்?"

"துருப்பிடிச்சிருந்துச்சு. பாதுகாப்பு முக்கியமில்லையா?"

துரு இல்லை. நான் ஒவ்வொரு படியாக எடுத்துத் திருகினேன். ஒரு படிக்குப் பன்னிரண்டு சுற்று. பழைய துளைகளில் போட்டதால் இறுகப் பிடிக்கவில்லை. முதுகை அவருக்குக் காட்டிக்கொண்டு திருகுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் என் பின்கழுத்து கூசியது. அவர் அந்த வாளியை விட்டு எழவில்லை. பனி சீக்கிரம் விழும் போலிருக்கிறது, சேணத்தோல் கிடைப்பதே அரிதாகிவிட்டது, என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் ஆறாவது படிக்குப் போனதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நீ எழுதிய பல், ஆர்ஃபா. பார்த்தேன்.

அவளை என் முதுகோடு கட்டி இறக்கினேன். எட்டு மணி நேரம் மேலே இருந்திருக்கிறாள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே வயலுக்குள் வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். இப்போது ஆயர் எனோஸ் வீட்டில் இருக்கிறோம். நாளை அவளை இண்டியானாவுக்கு எல்நோரா சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வயிற்றில் இருப்பது நலம் என்று மருத்துவச்சி சொல்கிறாள்.

டெல்பர்ட்


நாப்பனீ பக்கம், இண்டியானா
டிசம்பர் 5, சனிக்கிழமை

அன்புள்ள ஆர்ஃபா,

இங்கே இருவரும் சுகம். இருவரும் என்றால் நானும், என் வயிற்றில் இருப்பதும். அங்கே எல்லோரும் சுகமா? அப்பாவின் இடுப்பு எப்படி?

படிகளைப் பற்றி எழுதியதற்காக நீ தினமும் அழுவதாக அம்மா எழுதியிருந்தாள். அழாதே. உன்னால்தான் அவருக்குத் தெரிந்தது. உன்னால்தான் டெல்பர்ட் வந்தான். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நாளை காலை ரோமன் சபை முன் மண்டியிடப் போகிறார். ஆயர் எனோஸ் எனக்கு எழுதினார். சபையார் மன்னிக்கிறோம் என்பார்கள். அவர் எழுவார். அதன் பிறகு நான் எதையும் சொல்லக் கூடாது. அதனால் இன்றைக்கே, அவர் இன்னும் நிற்கும்போதே, எழுதுகிறேன்.

ஏப்ரலில் அவர் பாலைக் குளிர வைக்கும் தொட்டியில் என் தலையை அமுக்கிப் பிடித்தார். ரொட்டி கருகியதற்காக. மூன்று முறை. மூன்றாம் முறை எனக்குக் குளிர்கூடத் தெரியவில்லை. சபையில் அவர் சொன்னது, "மனைவி மேல் கோபப்பட்டேன்" என்று மட்டும். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து நானும் மன்னிக்கிறேன் என்றேன். வெர்னா என் கையைப் பிடித்து, "கோபம் யாருக்குத்தான் வராது, சவில்லா?" என்றாள். தொட்டியைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் பதினேழு. காலை ஆறு மணிக்கு அவர் முகத்தைப் பார்த்தேன், பின்கதவு வழியாக ஓடினேன். நான் பரணில் வாரை மாட்டி முடிப்பதற்குள் கீழே வந்துவிட்டார். மேலே பார்க்காமல், அவசரப்படாமல், எட்டிய வரைக்கும் நின்றபடியும் அதற்கு மேல் வாளியில் ஏறியும், அதற்கும் மேல் கொக்கி போட்ட கழியாலும், எல்லாப் படியையும் கழற்றினார். பிறகு உட்கார்ந்தார்.

"எறங்கி வா சவில்லா. காபி ஆறுது."

"படி இல்லையே."

"குதி. நான் பிடிச்சுக்கிறேன்."

நான் இடுப்பு வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.

"உன் தங்கச்சி ரொம்பப் படிச்சவ. ஆனா ஒண்ணு தெரியல அவளுக்கு. மான் படி ஏறாது. கீழ காத்துக்கிட்டிருக்கும்." மேலே பார்த்துச் சிரித்தார். "பதினெட்டு அடிதான். குதி."

பத்து மணி வாக்கில் வில்லை இழுத்தேன், ஆர்ஃபா. முழுவதும் இழுத்தேன். தொப்பி விளிம்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் இடம் தெரிந்தது. அந்தத் தூரத்தில் எனக்குத் தவறாது, உனக்கே தெரியும். அவர் அசையவில்லை. நான் விட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நம் ஆட்கள் கை ஓங்குவதில்லை என்ற நிச்சயத்தில்தான் அவர் அத்தனை நிதானமாக உட்கார்ந்திருந்தார். தோள் தாங்கும் வரை பிடித்திருந்தேன். பிறகு மெதுவாக நாணைத் தளர்த்தினேன். அன்பினால் அல்ல. விட்டிருந்தால் என் வயிற்றில் இருப்பதன் கதை அந்த அம்பில் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். இழுத்ததற்காக இங்கே நான் மண்டியிடுவேன். மண்டியிடும்போது நான் செய்ததை முழுவதும் சொல்வேன். "கோபப்பட்டேன்" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சித்தியிடம் கேட்டேன்: "சொல்லாத பாவத்த எப்படி மன்னிக்கிறது, சித்தி?" அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்டைச் சுற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்: "சொன்னதத்தான் மன்னிக்க முடியும். சொல்லாதது அவன்கிட்டயே தான் இருக்கும்."

ஆகவே உனக்கு மேலே எழுதிய எல்லாவற்றையும் முன்பே ஒரு தாளில் எழுதி ஆயர் எனோஸுக்குத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன். ரோமன் மண்டியிட்டிருக்கும்போதே சபைக்கு வாசியுங்கள், எழுந்த பிறகு வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். வாசிப்பாரா என்று தெரியாது. இன்று சபை கூடும் வீட்டில் பெஞ்சுகளைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் மாடிப்படியைத்தான் பார்க்கிறேன்.

மன்னிக்கச் சொன்னால் மன்னிப்பேன், ஆர்ஃபா. ஆனால் இறங்கிப் போக மாட்டேன்.

இந்தக் கடிதத்தை எரிக்காதே. நாளைக்குப் பிறகு என் வாய் பேசாது. சனிக்கிழமை எழுதிய தாளுக்கு அந்தத் தடை இல்லை. இங்கிருந்து தபால் பெட்டிக்கு அரை மைல் இருக்கும், பனி கணுக்கால் வரை. சித்தி தானே கொண்டுபோகிறேன் என்று கை நீட்டுகிறாள். வேண்டாம் என்றேன். இதை நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

உன் அக்கா
சவில்லா